யாழ்ப்பாணத்தில் எனக்குப் பல் முளைத்த கதை

கடல் தாண்டிப் போய்வருகிறவர்கள் பட்டு, கைக்கடிகாரம், பீங்கான் கோப்பை என்று எதையாவது கொண்டுவருவார்கள். நான் யாழ்ப்பாணம் போய் ஒரு மேல்வரிசைப் பல் கொண்டுவந்தேன். இன்றைக்கும் அதை வைத்துக்கொண்டுதான் கதை சொல்கிறேன், சீடை கடிக்கிறேன், தம்பியைத் திட்டுகிறேன். அந்த ஊரைப் பற்றிப் பேச்செடுத்தால் எனக்கு நடுநிலைமை கிடையாது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் கும்பகோணத்துக்காரி. கதாகாலட்சேபம் என் பிழைப்பு. மிருதங்கம் போனால் இன்னொரு மிருதங்கம் கிடைக்கும், ஆர்மோனியம் போனால் என் தம்பி கோவிந்தன் வாயாலேயே சுருதி கொடுப்பான். என் வாய் போனால் எல்லாம் போச்சு. நாற்பத்திரண்டாவது வயதில் மேல்வரிசை முழுதும் விழுந்தபோது, காதும் காதும் வைத்த மாதிரி வெளியூரில் போய்ப் பொய்ப்பல் கட்டிக்கொண்டேன். கோவிந்தனைத் தவிர ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது. பேசும் படம் வந்துவிட்ட காலம். அதில் வருகிற பெண்களுக்கெல்லாம் இருபது வயது. இந்த லட்சணத்தில் பாகவதருக்குப் பல் பொய் என்று வெளியே தெரிந்தால் எந்த ஊர்க்காரன் பாக்கு வெற்றிலை வைத்து அழைப்பான்?

அப்போதுதான் யாழ்ப்பாணத்தில் அளவெட்டியிலிருந்து அழைப்பு வந்தது. அழைத்தவர் பொன்னுத்துரை என்கிற பெரியவர். மலாயாவில் ரப்பர் தோட்டத்தில் கிளார்க்காக இருந்து பென்ஷனோடு ஊர் திரும்பியவர். கந்தசஷ்டி ஆறு நாளும் தம் வீட்டில் தங்க வேண்டும், சஷ்டி முடிந்து திருக்கல்யாணத்தன்று மாலை கோயில் வாசலில் முருகன் கல்யாணக் கதை சொல்ல வேண்டும் என்று எழுதியிருந்தார். சந்தோஷமாகக் கிளம்பினேன்.

ஐப்பசிக் கடல் இருக்கிறதே, அதற்கு ஈவு இரக்கம் கிடையாது. கப்பல் கரையை விட்டதும் என் வயிறும் இடத்தை விட்டது. கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன். காலையில் சாப்பிட்ட இட்லியோடு பல் செட்டும் சேர்ந்து போயிற்று. கோவிந்தன் எட்டிப் பார்த்து, "அக்கா, போச்சு" என்றான். "போனது எனக்குத் தெரியாதாடா மூதேவி!" என்று கத்தினேன். காற்றுதான் வந்தது. எனக்கே புரியவில்லை நான் என்ன சொன்னேன் என்று.

அந்தக் கப்பலில் அழுத அழுகை என் தகப்பனார் செத்தபோதுகூட அழுததில்லை.

கரையிறங்கி ரயிலேறி, அளவெட்டிக்குப் பக்கத்து மல்லாகம் ஸ்டேஷனில் இறங்கினோம். பொன்னுத்துரை கூடார வண்டியோடு நின்றார். அந்த ஊரில் வண்டில் என்கிறார்கள். வெள்ளை வேட்டி, கோட்டு, விபூதி, கையில் குடை. நான் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு கும்பிட்டேன்.

"வாங்கோ அம்மா, வாங்கோ. கடல் கரைச்சல் தந்ததோ?"

தலையசைத்தேன்.

"வழியிலை ஏதும் சாப்பிட்டனீங்களோ?"

இல்லை என்று தலையசைத்தேன். அவர் கோவிந்தனைப் பார்த்தார். "அம்மா ஏன் தம்பி கதைக்கிறா இல்லை?"

கோவிந்தன் திருதிருவென்று விழித்தான். "அக்காவுக்கு... அக்கா வந்து... மௌனம்" என்றான்.

"மௌன விரதமோ! சஷ்டிக்கோ? சாப்பாடும் இல்லாமலோ?"

"ஆமாம்" என்றான் அந்தப் படுபாவி.

பொன்னுத்துரை அந்தச் செம்மண் சேற்றில் செருப்பைக் கழற்றிவிட்டு என்னைக் கைகூப்பிக் கும்பிட்டார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. அதன்பிறகு நான் எதைச் சொல்ல, எப்படிச் சொல்ல?

பாதி வழியில் வண்டி சேற்றில் புதைந்தது. எல்லோரும் இறங்கித் தள்ளினார்கள். என்னை மட்டும் இறங்கவிடவில்லை. விரதக்காரி சேற்றில் கால் வைக்கக் கூடாதாம். ஓட்டுகிறவர், பொன்னுத்துரை, கோவிந்தன் மூன்று பேரும் என்னைச் சுமந்த வண்டியைத் தள்ளித் தள்ளி மூச்சு வாங்கினார்கள். கோவிந்தன் தள்ளியது எனக்குச் சந்தோஷம்தான்.

எங்கள் ஊரிலும் சஷ்டி உண்டு. ஆனால் இந்த மனிதர்கள் இருக்கிற விரதம் வேறு. ஒருவேளைச் சாப்பாடு என்பது அங்கே சாதாரணம். பாலும் பழமும் என்றால் நல்ல விரதம். பக்கத்து வீட்டு வாத்தியாரம்மா நாளுக்கு இத்தனை என்று மிளகை விழுங்கித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். இப்படி ஒரு ஊரில் வாய் திறக்காமலும் சாப்பிடாமலும் ஒருத்தி வந்து இறங்கினால் அவளை என்னவென்று நினைப்பார்கள்? பொன்னுத்துரையின் மனைவி பாக்கியம் எனக்குத் தனிச் செம்பு, தனிப் பாய், தனிக் கிணற்றுக் கயிறு எல்லாம் ஏற்பாடு செய்தாள். அவளுக்கும் என் வயதுதான் இருக்கும். உருண்டை முகம், ஓயாத வாய். இரண்டு கதலிப்பழமும் பாலும் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்தாள். எதிரில் ஆள் இருக்கும்போது நான் எப்படி வாயைத் திறந்து பழத்தைக் குதப்புவது? பாலை மட்டும் குடித்துவிட்டுப் பழத்தைத் தள்ளிவைத்தேன்.

மறுநாள் முதல் பழம் வரவில்லை. "பழமும் எடுக்கிறா இல்லை, கடும் விரதம்" என்று பாக்கியம் வேலிக்கு அப்பால் வாத்தியாரம்மாவிடம் பெருமையாகச் சொன்னது என் காதில் விழுந்தது.

பயணக் கட்டுரை என்றால் சாப்பாட்டைப் பற்றி எழுத வேண்டும். நான் பார்த்த சாப்பாட்டைத்தான் எழுத முடியும். ஆர்மோனியம் வாசிக்கிறவருக்குத் தெம்பு வேண்டுமென்று கோவிந்தனுக்கு இரண்டு வேளையும் இலை போட்டார்கள். பச்சைச் சம்பா அரிசிச் சோறு, கத்தரிக்காய்ப் பால்கறி, முருங்கைக்காய்க் குழம்பு, வாழைப்பூ வறை என்கிற பொரியல். அந்திக்குப் புட்டு, மூங்கில் குழலிலிருந்து தள்ளும்போதே ஆவி என் மூக்குக்கு வந்துவிடும். ஒருநாள் இடியப்பமும் தேங்காய்ப்பால் சொதியும். எங்கள் வீடுகளில் ஒரு மூடித் தேங்காயில் நாலு பேருக்குக் கறி வைத்துவிடுவோம். இங்கே ஒரு கறிக்கு ஒரு தேங்காய் உடைக்கிறார்கள். கோவிந்தன் "போதும் போதும்" என்று சொல்லிக்கொண்டே இலையை நகர்த்திக்கொடுப்பான். நான் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து கந்தனை நினைக்க முயன்றேன். சொதிதான் நினைவுக்கு வந்தது.

கிணற்றடியில் அவனைப் பிடித்தேன். "பல் கட்டுகிறவன் எவனாவது இருக்கிறானா, விசாரி. இல்லையென்றால் நீயே கதை சொல்லு" என்றேன். மூன்று தடவை சொன்ன பிறகுதான் அவனுக்குப் புரிந்தது. கதைக்கு வாசிக்க ஏற்பாடு செய்திருந்த உள்ளூர் மிருதங்கக்காரரிடம் நைசாக விசாரித்துவிட்டு வந்தான். டவுனில் ஒரு சீனத்துப் பல் டாக்டர் இருக்கிறாராம். ஆர்மோனியத்தில் ஒரு சுரம் பிசகிவிட்டது, டவுனுக்குப் போய்ச் சரிசெய்ய வேண்டும், அக்கா கூட இருந்தால்தான் சுருதி தெரியும் என்று வீட்டில் ஒரு புளுகு. பாக்கியம் என் தலைக்குமேல் குடை பிடித்து வண்டியேற்றினாள். "பசியோடை போறா, பாவம். கவனமாக் கூட்டிக்கொண்டு போங்கோ தம்பி" என்றாள்.

ரயில் யாழ்ப்பாண டவுனில் நின்றது. பெரிய கடைத்தெரு என்று சொல்கிற இடத்தில் இறங்கி நடந்தோம். சீன எழுத்து, இங்கிலீஷ், தமிழ், சிங்களம் நான்கிலும் எழுதி, நடுவே வாழைப்பூ மடல் அளவுக்கு ஒரு பல் வரைந்த பலகை தொங்கியது. நான் முக்காடு போட்டுக்கொண்டு திருடி மாதிரி உள்ளே நுழைந்தேன்.

டாக்டர் பெயர் லியூ. நாற்பது வயது இருக்கும். தங்கப்பிரேம் கண்ணாடி, வெள்ளைக் கால்சட்டை, கொஞ்சம் முன்கோபம். சிங்கப்பூரில் தொழில் கற்று, கொழும்பில் இருந்து, பிறகு இங்கே வந்தவர். தமிழை யாழ்ப்பாணத்திலேயே படித்ததால் யாழ்ப்பாணத் தமிழ்தான் வரும். என் வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்தார்.

"பத்து நாள் வேணும்" என்றார்.

"கல்யாணத்தன்றைக்குக் கதை, டாக்டர்! ஐந்தே நாள்!" என்று கோவிந்தன் காலில் விழாத குறை.

"அவிச்சுத் தர பல்லு என்ன இடியப்பமோ? ஏலாது."

மாடிப்படிக்குக் கீழே கடிகாரம் பழுதுபார்க்கிற கடை வைத்திருந்த மீரான் நானா, ஒற்றைக் கண்ணில் பூதக்கண்ணாடியோடு எழுந்து வந்து, "என்ன சேதி, என்ன சேதி?" என்றார். முஸ்லிம்கள் இருக்கிற சோனகத் தெருக்காரர். நானா என்றால் அண்ணன். அவரைக் கேட்காமல் அந்தக் கட்டடத்தில் ஒன்றும் நடக்காது போலிருக்கிறது. கோவிந்தன் ஆதியோடந்தமாக எல்லாவற்றையும் கொட்டினான். நான் அவன் முதுகில் கிள்ளினேன், நிற்கவில்லை. வெற்றிலைக் கடைக்காரர் வந்தார், தையற்காரர் வந்தார். எட்டு வருஷம் கட்டிக்காத்த ரகசியம் கால் மணியில் கடைத்தெரு முழுதுக்கும் சொத்தாயிற்று.

பக்கத்து நாற்காலியில் கவுன் போட்ட ஒரு பறங்கி அம்மாள் முறைக்காகக் காத்திருந்தாள். அவள் இங்கிலீஷில் என்னிடம் ஏதோ சொன்னாள். மீரான் நானா மொழிபெயர்த்தார்: "பயப்பட வேணாமாம். இவர்தானாம் தனக்கும் கட்டினது." சொன்னதோடு நிற்காமல் அவள் தன் பல் செட்டைக் கழற்றி, உள்ளங்கையில் வைத்து, நகை காட்டுகிற மாதிரி எனக்குக் காட்டினாள். சிரித்தாள், பொக்கை வாயோடு. ஒரு வெட்கம் இல்லை, ஒரு ஒளிவு இல்லை. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டும் வந்தது.

"டாக்குத்தர், செய்து குடுங்கோ" என்றார் மீரான் நானா. "அரம் போட, மினுக்க நான் இருக்கிறன். கடிகாரச் சக்கரத்திலையும் பல்லுத்தானே இருக்கு."

லியூ டாக்டர் மூக்கால் ஒரு சத்தம் போட்டார். பிறகு சட்டைக் கையை மடித்தார்.

வாய் நிறையச் சுண்ணக் களியை அப்பினார். அது இறுகும் வரை நான் கந்தா, கடம்பா என்று மனதுக்குள் கதறிக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு பெட்டியைத் திறந்தார். உள்ளே வரிசை வரிசையாகப் பீங்கான் பல். "இது ஜெர்மனி. இது அமெரிக்கா" என்று புடவைக்கடைக்காரர் மாதிரி எடுத்துப்போட்டார். மிகவும் வெளுப்பாக இருந்ததைத் தள்ளினேன். ஐம்பது வயதுக்காரிக்கு மல்லிகை மொட்டு எதற்கு? இரண்டு நாள் கழித்து வரச்சொன்னார்.

அந்த இரண்டு நாளில் ஊரில் ஒரு காரியம் நடந்துவிட்டது. மல்லாகம் ஸ்டேஷனில் மறுபடி ரயிலுக்கு நின்றபோது, தூணில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. 'ஆறு தினங்கள் அன்னம் நீக்கி மௌன விரதம் பூண்டிருக்கும் பாகவதர் அம்மாள், திருக்கல்யாண தினத்தில் திருவாய் மலர்ந்தருளுவார்' என்று பெரிய எழுத்து. கீழே பொன்னுத்துரையின் பெயர். இனிமேல் குட்டு வெளிப்பட்டால் என் மானம் மட்டுமா போகும்? செருப்பைக் கழற்றிக் கும்பிட்ட அந்த நல்ல மனிதரையும் அல்லவா ஊர் கைகொட்டிச் சிரிக்கும்?

டவுனில் அன்றைக்கு இன்னொரு கூத்து. பீங்கான் பல்லைச் சிவப்பு ரப்பரில் பதித்து, இரும்புப் பாத்திரத்தில் இறுக்கி மூடி, நீராவியில் வேகவைக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து டாக்டரின் பம்ப் அடுப்பு மக்கர் செய்தது. மீரான் நானா கழற்றிப் பார்த்துவிட்டு, கொழும்பிலிருந்து சாமான் வந்தால்தான் ஆச்சு என்று கைவிரித்தார். டாக்டர் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு விடுவிடுவென்று பக்கத்துப் பேக்கரிக்குப் போனார். பின்னால் நாங்கள் எல்லோரும்.

பேக்கரிக்காரர் பியதாசா, தெற்கே காலி என்கிற ஊர்ப் பக்கத்துச் சிங்களவர். ரொட்டியைப் பாண் என்றும், அது வேகிற அடுப்பைப் போறணை என்றும் அங்கே சொல்கிறார்கள். அவரும் டாக்டரும் சிங்களத்தில் சண்டை பிடித்தார்கள். மீரான் நானா என் காதோரம் வரிக்கு வரி சொல்லிக்கொண்டு வந்தார்.

"என்ரை போறணையிலை ரப்பர் அவிக்கவோ? பாண் எல்லாம் டயர் மணக்கும் எண்டுறார் பியதாசா."

"பல்லுக்குப் பாண் மணந்தால் நான் கோவிக்கமாட்டன் எண்டுறார் டாக்குத்தர்."

"வெடிச்சால் ஆர் பொறுப்பு எண்டுறார்."

"வெடிச்சால் ரெண்டுபேரும் சேந்துதான் போவம் எண்டுறார்."

இரண்டு பேருமே விட்டுக்கொடுக்கவில்லை. பியதாசா போறணைக் கதவை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றார். அப்போது என்னைப் பார்த்து, எந்தக் கதை சொல்லப் போகிறாள் இந்த அம்மாள் என்று கேட்டிருக்கிறார். மீரான் நானா கதிர்காமத்துச் சாமியின் கல்யாணக் கதை என்றார். கதிர்காமத்து முருகனைச் சிங்களவர்களும் கும்பிடுகிறார்கள் என்று எனக்கு அதுவரை தெரியாது.

பியதாசாவின் முகம் மாறிவிட்டது. தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தார். "கதிர்காமத் தெய்யோட கதையோ?" என்று தமிழிலேயே என்னிடம் கேட்டார். ஆமாம் என்று தலையசைத்தேன். அவர் பாண் தட்டுகளை ஒதுக்கி, நெருப்பை இழுத்து, பாத்திரத்தைத் தம் கையாலேயே உள்ளே வைத்தார்.

அது வெந்து இறங்கும் வரை பேக்கரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மழை விட்டு வெயில் அடித்தது. என் வாழ்நாளில் அப்படி ஒரு தெருவை வாய் மூடிக்கொண்டு பார்த்ததே இல்லை. சரிகைத் தொப்பி போட்ட, பம்பாய்ப் பக்கத்துப் போரா முஸ்லிம் கடைக்காரர் ஒரு செட்டியாரோடு பேசிக்கொண்டு போனார். மலையாளத்துத் தேநீர்க் கடையில் சுருட்டுக்காரர்கள் கூச்சல் போட்டார்கள். அமெரிக்க மிஷன் துரைசானி ஒருத்தி சைக்கிளை நிறுத்தி, சுத்தமான யாழ்ப்பாணத் தமிழில், "உந்தப் பாண் நேற்றையானோ?" என்று பியதாசாவிடம் சண்டைக்குப் போனாள். எங்கள் கும்பகோணத்திலும் மராட்டி கேட்கும், தெலுங்கு கேட்கும், சௌராஷ்டிரம் கேட்கும். ஆனால் அங்கே அவரவர் தெருவில் அவரவர். இங்கே எல்லோரும் ஒரே கடை வாசலில் நின்று, ஒருவர் வேலையில் ஒருவர் மூக்கை நுழைத்துக்கொண்டிருந்தார்கள். முதல் நாள் எனக்கு அது எரிச்சலாக இருந்தது. அன்றைக்கு அப்படி இல்லை.

பியதாசா ஒரு பாணின் நடுப்பாகத்தைப் பிய்த்து, சர்க்கரை போட்ட தேநீரில் தோய்த்து என் முன்னால் வைத்தார். "விரதம்" என்று கோவிந்தன் பதறினான். அவனை ஒரு பார்வை பார்த்தேன். முக்காட்டுக்குள்ளேயே அத்தனையையும் தின்றேன். இன்னொன்று வைத்தார், அதையும் தின்றேன். முருகா, நீ பார்த்துக்கொண்டுதான் இருந்தாய். கோபித்திருக்கமாட்டாய்.

பல் வெந்துவிட்டது, ஆனால் ஆறவைத்து அரம் போட்டு மினுக்க வேண்டும். "திருக்கல்யாணத்தண்டு நாங்களே கொண்டு வாறம். வாயிலை போட்டுப் பாத்துத்தான் முடிக்கோணும்" என்றார் டாக்டர்.

திருக்கல்யாணத்தன்று காலையில் பாரணை. ஆறு நாள் விரதம் முடிந்து ஊரே சாப்பிடுகிற நாள். பாக்கியம் விடியுமுன் எழுந்து சமைத்திருந்தாள். வாழையிலையில் எத்தனை கறி என்று எண்ணவில்லை, எண்ணினால் அழுதிருப்பேன். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது பொக்கை வாயைத் திறக்கப் பயந்து, கும்பிட்டு எழுந்துவிட்டேன். பாக்கியத்தின் முகம் வாடிப்போயிற்று. பொன்னுத்துரைதான் சமாதானம் சொன்னார்: "அம்மா கதை சொல்லி முடிச்ச பேந்துதான் பாரணை பண்ணுவா. உனக்கு விளங்கேல்லையே?" பக்கத்து வீட்டு வாத்தியாரம்மா மிளகு விரதம் முடித்தவள், என்னைப் பார்த்து, தோற்றுப்போன மாதிரி பெருமூச்சு விட்டாள்.

மாலையாகிவிட்டது. பந்தல் நிறைந்துவிட்டது. பல் வரவில்லை. பாதையில் வெள்ளமாம், ரயில் வரவில்லையாம். மிருதங்கம் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தது. கோவிந்தன் ஆர்மோனியத்தின் மேல் தலையைச் சாய்த்துவிட்டான். அப்போது குளத்துப் பக்கமாக மணிச்சத்தம். பாண் விற்கிற மாட்டுவண்டி சேற்றை வாரி இறைத்துக்கொண்டு வந்தது. முன்னால் பியதாசா கயிற்றைப் பிடித்திருந்தார். பின்னால் பாண் பெட்டிக்குள், மடக்கிய குடைகள் மாதிரி, லியூ டாக்டரும் மீரான் நானாவும்.

அந்தப் பெட்டிக்குள்ளேயே ஏறி உட்கார்ந்தேன். டாக்டர் என் வாயில் பல்லை மாட்டினார். ஒரு பக்கம் உயர்ந்திருந்தது. மீரான் நானா கடிகார அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்தார். மறுபடி மாட்டினார்கள்.

"கதையுங்கோ" என்றார் டாக்டர்.

"முருகா" என்றேன். முருகா என்றே வந்தது. மீரான் நானா "அல்லா!" என்று கண்ணைத் துடைத்தார். நான் இறங்கி ஓடினேன். ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை.

மேடையில் ஏறிச் சலங்கைத் தாளத்தைக் கையில் எடுத்தேன். பந்தலைச் சுற்றி மூங்கில் நட்டுக் கயிறு கட்டியிருந்தார்கள். கயிற்றுக்கு உள்ளே யார் உட்காரலாம், வெளியே யார் நிற்க வேண்டும் என்பது ஊருக்கு எழுதிவைக்காமலே தெரியும். எங்கள் ஊரிலும் அதே கயிறு உண்டு. முப்பது வருஷமாக அதற்கு உள்ளே இருந்து கதை சொன்னவள், அதை ஒருநாளும் உற்றுப் பார்த்ததில்லை. அன்று பார்த்தேன். அதற்கு அப்பால் தூறலில் நிறையப் பேர் நின்றார்கள். அவர்களோடு ஒரே குடைக்குள் ஒட்டிக்கொண்டு என் மூன்று பேரும் நின்றார்கள். செய்த பல் எப்படிப் பேசுகிறது என்று கேட்க நின்றிருக்கிறார்கள்.

காலட்சேபம் என்றால் முதலில் வந்தனம் சொல்ல வேண்டும். குருவுக்கு, சபைக்கு, யார் தயவால் வாய் திறக்கிறோமோ அவர்களுக்கு. இதில் பொய் சொல்லக் கூடாது என்பது எங்கள் தொழிலில் கண்டிப்பு. கதையில் எவ்வளவு வேண்டுமானாலும் கூட்டிக் குறைக்கலாம், வந்தனத்தில் கூடாது. முன்வரிசையில் பொன்னுத்துரை கைகூப்பி உட்கார்ந்திருந்தார். நோட்டீஸ் நினைவுக்கு வந்தது. இந்த மனிதருக்கு நான் என்ன செய்யப் போகிறேன் என்று நினைத்தேன். அந்தக் குடையை இன்னொரு தடவை பார்த்தேன். வந்தனத்தில் அவர்களை விட்டுவிட என்னால் முடியவில்லை.

"என் குருநாதருக்கு வந்தனம். சபைக்கு வந்தனம். இந்த வாய் இன்றைக்குத் திறப்பதற்குக் காரணமான, சீன தேசத்து லியூ டாக்டருக்கு வந்தனம். கதிர்காமத்துச் சாமிக்காகத் தன் போறணையைக் கொடுத்த பியதாசாவுக்கு வந்தனம். அரம் பிடித்த மீரான் நானாவுக்கு வந்தனம். எனக்கு மேலே இருக்கிறது பொய்ப்பல். என் பழைய பல் கடலில் போயிற்று. நான் விரதம் இருக்கவில்லை. மௌனமும் இருக்கவில்லை. பேசவும் மெல்லவும் முடியாமல் கிடந்தேன். பல்லில் இருக்கிற ரப்பர் மலாயா ரப்பர். பொன்னுத்துரை ஐயா பார்த்த தோட்டத்து ரப்பராகக்கூட இருக்கலாம். அவருக்கும் வந்தனம். அவர் ஒரு பொய்யும் சொல்லவில்லை, என்னை நம்பினார், அவ்வளவுதான்."

தூறல் ஓலையில் விழுகிற சத்தம் கேட்டது. பொன்னுத்துரை தலையைக் குனிந்துகொண்டார். என் கதை முடிந்தது, நாளைக்கே கப்பல் என்று நினைத்தேன்.

பெண்கள் பக்கத்திலிருந்து பாக்கியம் எழுந்தாள். முகம் சிவந்திருந்தது.

"அப்ப நீங்கள் இவ்வளவு நாளும் பசியோடையே கிடந்தனீங்கள்?"

அவளைப் பார்த்துத் தலையசைத்தேன்.

"ஐயோ! என்ரை வீட்டிலை வந்த ஒரு மனுசியை ஆறு நாள் பட்டினி போட்டிட்டனே! பழத்தையும் நான்தானே நிப்பாட்டினன்! ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் புட்டைப் பாலிலை குழைச்சுத் தந்திருப்பனே! பல்லு இல்லாட்டில் என்ன, எனக்கும் பின்னாலை நாலு பல்லு இல்லைத்தானே!" அவள் அழுதுகொண்டே புருஷனைப் பார்த்துத் திரும்பினாள். "நோட்டீஸ் அடிச்சவர்! பசிக்குதோ எண்டு ஒருக்கால் கேட்டனீங்களே?"

வாத்தியாரம்மாதான் முதலில் சிரித்தாள். வாய்விட்டு, ஆறு நாள் மிளகுக்கும் சேர்த்துச் சிரித்தாள். பிறகு பந்தலே சிரித்தது. பொன்னுத்துரை தலை நிமிர்ந்து பார்த்தார். அவர் தோளும் குலுங்கியது. பாக்கியம் மட்டும் சிரிக்கவில்லை. அவள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வீட்டுக்கு ஓடினாள். திரும்பி வந்தபோது கையில் புட்டும் வடையும். மேடையேறி என் முன்னால் உட்கார்ந்து, "முதல் சாப்பாடு, பேந்து கல்யாணம்" என்று வடையை என் வாய்க்கு நேரே நீட்டினாள்.

"வடை வேண்டாம்! கடிக்கப்படாது! புதுப் பல்லு!" என்று கயிற்றுக்கு அப்பாலிருந்து லியூ டாக்டர் கத்தினார்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பாக்கியம், "அப்ப புட்டுக் குடுக்கலாமோ டாக்குத்தர்?" என்று அங்கிருந்தே கேட்டாள். அவர் ஏதோ பதில் சொன்னார், மழையில் கேட்கவில்லை. பொன்னுத்துரை எழுந்தார். கயிற்றண்டை போனார். ஒரு கணம் நின்றார். பிறகு மூங்கிலிலிருந்து முடிச்சை அவிழ்த்துவிட்டார்.

"உதிலை நிண்டு கத்தாதேங்கோ. மூண்டு பேரும் உள்ளுக்கு வாங்கோ. வந்து பாத்துச் சொல்லுங்கோ."

மூவரும் வந்தார்கள். அந்த நேரம் மழை சோவென்று பிடித்துக்கொண்டது. அவர்கள் பின்னாலேயே வெளியே நனைந்துகொண்டு நின்றவர்களும் ஒருவர் பின் ஒருவராகப் பந்தலுக்குள் வந்துவிட்டார்கள். முன்வரிசையில் சிலர் முகத்தைச் சுளித்தார்கள், ஒருவர் சால்வையை உதறிக்கொண்டு எழுந்து போனார். மற்றவர்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். கயிறு சேற்றில் கிடந்தது. யாரும் எடுத்துக் கட்டவில்லை.

டாக்டர் புட்டைத் தொட்டுப் பார்த்தார், பால் கொஞ்சம் கூட்டிக் குழைக்கச் சொன்னார். பாக்கியம் குழைத்து உருட்டி என் வாயில் வைத்தாள். மிருதங்கக்காரர் காத்திருந்தார், கோவிந்தன் துருத்தியில் கைவைத்தபடி காத்திருந்தான், அத்தனை சனமும் என் வாயையே பார்த்துக்கொண்டு காத்திருந்தது. ஏதாவது சொல்ல வேண்டும் என்று பார்த்தேன். சொல்லத்தான் பல் வந்துவிட்டதே. வாய் நிறையப் புட்டு, கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது. அந்த ஊருக்கு வந்ததிலிருந்து முதல்தடவையாக, உண்மையிலேயே பேச முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.